தொப்பை தின்ற மடி

கண்டனூர்,
பிரஜோற்பத்தி வருஷம், ஆவணி 9

தங்கச்சி ஒச்சம்மாளுக்கு உன் அண்ணன் முத்துவீரன் எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாக இரு என்று எழுத வந்த கை கோபத்தில் நின்றுவிட்டது. ஆனாலும் எழுதிவிட்டேன். சுகமாக இரு.

நேற்று உன் மதினி அக்கம்மாள் காரைக்குடிச் சந்தைக்குப் போய்வந்து ஒரு சேதி சொன்னாள். வருகிற மாசிக் களரித் திருவிழாவில் நம் ஊர்க் கருப்பர் கோயிலில் உன் மகள் சோணைக்குக் காது குத்தப் போகிறாயாம். பிள்ளையை உட்காரவைக்கப் பெரியப்பா மகன் சொக்குவின் மடியைக் கேட்டிருக்கிறாயாம். கூடப்பிறந்த தாய்மாமன் நான் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கும்போது சொக்குவின் மடியா? அவன் தொடை இரண்டும் முருங்கைக் குச்சி. காது குத்துவதற்கு முன்னால் பிள்ளைக்கு வேறெங்கோ குத்திவிடும்.

காரணம், என் வாய் நாறுகிறதாம்.

தாயே, இது என்ன சாதாரண வாயா? ரங்கூனில் செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் ஏஜெண்டுக்கு நான் வலது கையாக இருந்த காலத்தில், கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் என் சுருட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டே தெருத் தெருவாக வந்து, "யார் அந்தச் சீமான்?" என்று கேட்டுத் தொப்பியைக் கழற்றியிருக்கிறார். ஊர் திரும்பும்போது நடுக்கடலில் புயல். கப்பலே கதறியது. நான் ஒரு சுருட்டைப் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். புயல் திரும்பிப் போய்விட்டது. அந்தச் சுருட்டையா நாற்றம் என்கிறாய்?

ஆடி மாதம் உன் வீட்டில் என்ன நடந்துவிட்டது? பிள்ளையை ஆசையாகத் தூக்கினேன். அது என் வாயில் இருந்த நெருப்பை நட்சத்திரம் என்று நினைத்துக் கையை நீட்டியது. பூ உதிர்கிற மாதிரி கொஞ்சம் சாம்பல் உதிர்ந்தது. அதற்கு நீ, "அந்த வாயோட என் பிள்ளையைத் தொடாதீக! வெளிய போங்க!" என்று தெருவைக் கூட்டினாய். எதிர்வீட்டு நாய் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனது. நாயிடம் நான் அப்படி ஒரு பார்வை வாங்கியதே இல்லை.

சொக்குவிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள். மடி என்னுடையது.

இப்படிக்கு,
முத்துவீரன்


காரைக்குடி,
ஆவணி 15

அண்ணன் அவர்களுக்கு ஒச்சம்மாள் எழுதிக்கொண்டது.

உங்கள் மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்துத்தான் எழுதப் படித்தேன். என் எழுத்து கோழி கிளறினது போல இருக்கிறது என்று மதினியிடம் சிரித்தீர்களாம். இருக்கட்டும். கோழி பொய் கிளறாது.

கிட்டங்கியில் நீங்கள் அடுப்படிக்கு விறகு பிளந்தீர்கள். இப்போது கண்டனூரில் செட்டியார் வீட்டு மேல்மாடியில் வௌவால் எச்சம் கூட்டுகிறீர்கள். இரண்டும் நாணயமான வேலை. அதை அப்படியே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பூ உதிரவில்லை அண்ணே. நெருப்புத்தான் உதிர்ந்தது. பிள்ளையின் தொடையில் கொப்புளம் வந்து, உடைந்து, நீர் வடிந்தது. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் போன பிறகு பிள்ளைக்குப் பால் கொடுக்கப் பாலாடையை எடுத்தேன். நீங்கள் பாதி குடித்து அணைத்த சுருட்டுக் கட்டை அதற்குள் கிடந்தது. அடியில் மஞ்சளாக எச்சில் நூல் நூலாக ஊறியிருந்தது. பிள்ளை வாயில் வைக்கிற பாலாடையில்! அந்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். பாலாடையைக் குப்பையில் எறிந்தேன். பிள்ளையின் தலையை எத்தனை தடவை அலசியும் உங்கள் வாடை போகவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு கட்டை செருகியிருப்பீர்களே, நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. அதை எடுத்து மறுபடி வாயில் வைக்கும்போது எனக்குக் குடல் தொண்டைக்கு வருகிறது. உங்கள் பல்லைப் பார்த்துப் பேச முடியாமல் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

முடிவாகச் சொல்கிறேன். மாசி வரைக்கும் சுருட்டைத் தொடாமல் இருந்தீர்கள் என்று மதினி கருப்பர் முன்னால் சூடம் அணைத்துச் சொல்ல வேண்டும். சொன்னால் மடி உங்களுடையது. இல்லாவிட்டால் சொக்கு அண்ணன் மடிதான். நீங்கள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

ஒச்சம்மாள்


கண்டனூர்,
புரட்டாசி 20

தங்கச்சிக்கு,

விட்டுவிட்டேன்.

எப்படி விட்டேன் என்று கேள். ரங்கூன் கூட்டாளி அனுப்பிய சுருட்டுக் கட்டு அப்படியே பிரிக்காமல் பெட்டியில் இருந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு நடந்தேன். வழியில் திருக்கோஷ்டியூருக்குப் போகிற ஜனமெல்லாம் ஒதுங்கி நின்று கும்பிட்டது. பூசாரி பெத்தனிடம் கட்டைக் கொடுத்து, "களரியன்னிக்குக் கருப்பருக்குப் படைங்க. இனி இந்த முத்துவீரனுக்கும் சுருட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை" என்றேன். பெத்தன் கண் கலங்கிவிட்டான். அங்கே இருந்த மண்குதிரைகூடக் கலங்கியது என்று சொல்லலாம், நான் சொல்லவில்லை.

ஆனால் இந்த வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நல்ல வேளை, செட்டியார் வீட்டு ஆச்சியிடம் எப்போதும் பலகாரம் உண்டு. அதிரசம், சீயம், கைமுறுக்கு. சுருட்டு நினைப்பு வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். நினைப்பு அடிக்கடி வருகிறது. "முத்துவீரா, எந்நேரமும் வாயை அசை போட்டுக்கிட்டே இருக்கியே, நீ என்ன மாடா?" என்று ஆச்சி கேட்டார்கள். "ஆச்சி, இது விரதம்" என்றேன்.

இன்னொரு விஷயம். எனக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. நீ காரைக்குடியில் தாளித்தால் நான் இங்கிருந்தே கடுகா வெந்தயமா என்று சொல்லிவிடுவேன். ஆனால் முதலில் முகர்ந்தது என் தலையணையை. சீச்சீ! செத்த எலியைப் புகையிலையில் சுற்றி வெயிலில் வைத்த மாதிரி. அதை வெளியே வீசினேன். தெருநாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. உன் மதினி இத்தனை வருஷமும் அதன் பக்கத்தில் எப்படிப் படுத்தாள் என்று நினைத்தால், அவளுக்கும் ஒரு மண்குதிரை எடுக்க வேண்டும்.

சொக்குவிடம் சொல்லிவிடு.

முத்துவீரன்


காரைக்குடி,
ஐப்பசி 28

அண்ணன் அவர்களுக்கு,

தீபாவளிக்கு மதினி வந்திருந்தார்கள். சுருட்டை நிஜமாகவே விட்டுவிட்டீர்கள் என்று சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிள்ளைமேல் கைவைத்துச் சொன்ன பிறகுதான் நம்பினேன். சந்தோஷம்.

ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். "ஒச்சு, உங்க அண்ணன் புளிச்ச மாவு மாதிரி பொங்கிக்கிட்டே போறாக. சம்மணம் போட்டு உக்காந்தா தொப்பை வந்து மடியில உக்காந்துக்கிருது. சோத்துத் தட்டு வைக்கவே எடம் இல்ல, பிள்ளையை எங்குட்டு வைக்க?" நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. காது குத்தும் ஆசாரி பிள்ளை அசையக் கூடாது என்பார். சறுக்கினால் ஊசி எங்கே போகும்?

அதைவிட ஒரு மடத்தனம் செய்திருக்கிறீர்கள். சுருட்டுக் கட்டைக் கருப்பருக்குப் படைக்கக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கோயில் வழக்கம் மறந்துபோயிற்றா? படைத்தவன் கைக்குத்தான் பிரசாதம் திரும்பி வரும். சாமி வந்து ஆடுகிற பூசாரி பற்றவைத்து, இழுத்து, அந்த எச்சில் சுருட்டை உங்கள் கையில்தான் கொடுப்பார். அங்கேயே வாங்கி இழுக்க வேண்டும். அதுவும் என் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு! தெருக் குப்பையில் போட்டிருந்தால் போயிருக்கும். போய் வாங்கிவிடுங்கள்.

ஒச்சம்மாள்


கண்டனூர்,
மார்கழி 6

தங்கச்சிக்கு,

போனேன். பெத்தன் தரவில்லை. "சாமிக்குன்னு சொல்லி வச்சதைத் திருப்பிக் கேக்குறீகளா? நல்லா இருக்கே! மொதச் சுருட்டு உங்க கைக்குத்தான். வாங்கலைன்னா சாமி கோவிச்சுக்கிரும், பிள்ளைக்கு ஆகாது" என்றான். நான் ஒரு முறை முறைத்தேன். கோயில் மணி தானாக அடித்தது. காற்று என்று பெத்தன் சொல்கிறான். சரி, காற்று.

அது கிடக்கட்டும். இந்த வயிறுதான் இப்போது பெரிய எதிரி.

அரிசி மண்டித் தராசில் ஏறிப் பார்த்தேன், சங்கிலி அறுந்துவிட்டது. சங்கிலி பழசு. கொள்ளுக் கஞ்சி குடித்தால் இளைக்கும் என்றார்கள். குடித்தேன். இளைக்கவில்லை. செட்டியார் வீட்டு வௌவால்கள்தான் மேல்மாடியைக் காலி செய்துவிட்டுப் போயின. ஒரு நாள் நடுவாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோணை அளவுக்கு ஒரு பூசணிக்காயை மடியில் வைத்து ஒத்திகை பார்த்தேன். தொப்பை அதை ஒரு தள்ளுத் தள்ளியது. உருண்டுபோய்த் தேக்குத் தூணில் மோதிச் சிதறியது. ஆச்சி எட்டிப் பார்த்து, "அன்னைக்குப் பிள்ளையும் இப்படித்தான் உருளுமா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதிரசம் மட்டும் இறங்கியது.

உன்னிடம் சொல்வதற்கென்ன, என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. வயிற்று மடிப்பில் வேர்வை நின்று புளித்துப்போய்ப் புண்ணாகிவிட்டது. புதிதாகக் கிடைத்த மூக்கு அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறது. குளத்தில் இறங்கிக் குனிந்தால் என் காலை நான் பார்க்க முடியவில்லை. தடவினால் யாரோ ஊறிச் செத்தவன் வயிறு மாதிரிக் குளுகுளு என்கிறது. சுருட்டுப் பிடித்த காலத்தில் நான் ஈர்க்குச்சி. ரங்கூனில் என்னைப் பார்த்த பர்மாக்காரிகள் இவ்வளவு ஒல்லியாக ஒரு ராஜாவா என்று அசந்துபோவார்கள்.

அதனால் ஒரு யோசனை. காலையில் ஒரே ஒரு சுருட்டு. அதுவும் பாதிதான். வயல் வரப்புக்குப் போய், காற்று அங்குட்டு அடிக்கும்போது. வயிறு இறங்கி மடி திரும்பி வந்ததும் நிறுத்திவிடுகிறேன். உன் பிள்ளைக்கு ஒரு நல்ல மடி வேண்டுமா வேண்டாமா? ஒரு வார்த்தை சரி என்று எழுது.

முத்துவீரன்


காரைக்குடி,
மார்கழி 14

அண்ணே,

பாதியும் கிடையாது, கால்வாசியும் கிடையாது.

நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். உங்கள் மாப்பிள்ளைக்கும் தெரியாது.

நம் ஐயா சம்மணம் போட்டு உட்கார்ந்து, கருப்பா கருப்பா என்று சொல்லிக்கொண்டே ஜோதியாகப் போனார் என்று ஊரெல்லாம் சொல்கிறீர்கள். நீங்கள் அப்போது ரங்கூனில் இருந்தீர்கள். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சொன்னால் சொல்லிக்கொண்டு போகட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஐயா சுருட்டை ஒதுக்குவாரே இடது கடைவாய், அங்கேதான் முதலில் வெள்ளையாக ஒரு புண் வந்தது. பிறகு கன்னத்தில் ஓட்டை விழுந்தது. வாயில் ஊற்றின கஞ்சி கன்னம் வழியாக வந்தது. நான்தான் துணி வைத்து ஒற்றி எடுத்தேன். அந்த வாடை, அண்ணே, எனக்கு எழுதத் தெரியவில்லை. ஈ மொய்க்கும் என்று பகலிலும் கதவைச் சாத்தி வைத்திருந்தோம். சொந்தக்காரர்கள் வாசலோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். பெற்ற தகப்பன் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியேதான் போனார்.

உங்கள் வாயைத் திறந்தால் எனக்கு அந்த அறைதான் வருகிறது. நீங்களும் அதே இடது கடைவாயில்தான் ஒதுக்குகிறீர்கள்.

தொப்பையோடு வாருங்கள். எவ்வளவு பெரிய தொப்பையோடு வேண்டுமானாலும் வாருங்கள். அந்த வாயோடு வராதீர்கள்.

ஒச்சம்மாள்


கண்டனூர்,
தை 2

ஒச்சு,

உன் கடிதாசியைப் படித்தேன். அக்கம்மாளுக்குப் படித்துக் காட்டவில்லை.

கண்ணாடியில் இடது கடைவாயைப் பார்த்தேன். கறைதான் இருக்கிறது. புண் இல்லை. விளக்கு வைத்தும் பார்த்தேன்.

வரப்புக்குப் போக மாட்டேன். ஐயாவைப் பற்றி இனி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

தொப்பையோடு வருகிறேன். பூசாரி கொடுக்கிற சுருட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முத்துவீரன்


காரைக்குடி,
மாசி 28

அண்ணன் அவர்களுக்கு,

காது குத்தி முடிந்ததும் விருந்துக்குக்கூட நிற்காமல் ஏன் போனீர்கள்? மதினி முகத்தைத் துடைத்துக்கொண்டு உங்கள் பின்னால் ஓடினார்கள். இலையில் உங்களுக்கு வைத்த கறி ஆறிப்போய்க் கிடந்தது.

மடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மணையில் உட்கார்ந்தபோது எனக்கு உயிர் நின்றுவிட்டது. தொப்பைக்கும் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. "பிள்ளை மடியில உக்காருதா, மலையில ஏறுதா?" என்று சொக்கு அண்ணன் கேட்க, கூட்டமே சிரித்தது. சோணை ஒரு தடவை உங்களை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே தொப்பையில் சாய்ந்து கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டாள். அசையவே இல்லை. "இப்படி ஒரு திண்டு இருந்தா ஊருப் பிள்ளைக எல்லாத்துக்கும் நானே குத்திருவேன்" என்றார் ஆசாரி. அது உங்களுக்குக் கேட்டதோ இல்லையோ.

பிறகு பெத்தன் சாமி வந்து ஆடிக்கொண்டே வந்தார். வாயில் உங்கள் ரங்கூன் சுருட்டு. தாடியெல்லாம் எச்சில். முனை ஊறிப் பிளந்திருந்தது. அதை எடுத்து, "வாங்கிக்கடா!" என்று நீட்டினார். நான் பெண்கள் பக்கம் நின்றேன், எனக்கே குமட்டியது. நீங்கள் வலது கையால் வாங்கினீர்கள். பிள்ளையை இடது கையால் அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கையை வாய்க்குக் கொண்டுபோனீர்கள். உங்கள் முகம் சுளித்ததைப் பார்த்தேன். அந்த அறையில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். பிறகு விரலுக்கு நடுவில் புகை வந்தது.

சொக்கு அண்ணன் எல்லாரிடமும், "முத்துவீரன் இழுத்துட்டான்ல!" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். ஊசி இறங்கிப் பிள்ளை வீறிட்டபோது உங்கள் கண்ணில் நீர் வழிந்தது. பிள்ளைக்காக அழுகிறீர்கள் என்று நினைத்தேன்.

இழுத்தீர்களா? ஒரே ஒரு வார்த்தை. சாமி கொடுத்ததை இழுத்தால் தப்பில்லை என்று உங்கள் மாப்பிள்ளை சொல்கிறார். தப்பா இல்லையா என்று நான் கேட்கவில்லை. இழுத்தீர்களா?

ஒச்சம்மாள்


கண்டனூர்,
பங்குனி 5

தங்கச்சிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கையைப் பணியாரச் சட்டி சுட்டுவிட்டது. ஆச்சி வீட்டுச் சட்டி, சின்னச் சட்டி இல்லை, யானைக்குப் பணியாரம் சுடுகிற சட்டி. நான் அதை ஒரே கையால் தூக்கினேன். பார்த்தவர்கள் பிரமித்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவசர வேலை இருந்தது. அதனால் விருந்துக்கு நிற்கவில்லை. செட்டியார் பர்மாவிலிருந்து தந்தி கொடுத்திருந்தார், முத்துவீரன் இல்லாமல் வீடு இருட்டாக இருக்கிறது என்று.

நான் இழுக்கவில்லை.

சொக்கு சொல்வதைச் சொல்லட்டும். சோணையின் காது ஆறிவிட்டதா? வேப்பெண்ணெய் தடவு.

அதிரசத்தை விட்டுவிட்டேன். சீயத்தை இன்னும் விடவில்லை.

முத்துவீரன்


காரைக்குடி,
பங்குனி 11

அண்ணே,

பணியாரச் சட்டியை உள்ளங்கைக்குள் வைத்து யாராவது பொத்திக்கொள்வார்களா?

சோணை அன்று உடுத்தியிருந்த பட்டுப் பாவாடையை இன்றைக்குத்தான் அலசப் பிரித்தேன். கொசுவத்துக்குள் அந்தச் சுருட்டு இருந்தது. நசுங்கி, பிதுங்கி, நெருப்பு முனை கருகிச் செத்துப்போய். அதோடு ஒட்டிக்கொண்டு தோல் கொஞ்சம், காய்ந்துபோய். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியால் எடுத்து அடுப்பில் போட்டேன். குமட்டிக்கொண்டே அழுதேன், அழுதுகொண்டே குமட்டினேன். உங்கள் மாப்பிள்ளை எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டார்.

காது குத்தி முடிகிற வரைக்கும் நெருப்பைப் பொத்திய அந்தக் கையைத் திறக்கவில்லையே நீங்கள்.

சொக்கு அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ரங்கூன் துரையைப் பற்றியும் புயலைப் பற்றியும் ஊருக்கே சொன்னவர், இதை மட்டும் பணியாரச் சட்டி என்கிறாரே என்று கேட்டேன். அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மதினியிடம் கற்றாழை கொடுத்துவிட்டிருக்கிறேன். அதன் சோற்றை வழித்து உள்ளங்கையில் வைத்துக் கட்டுங்கள். சீயத்தை இடது கையால் சாப்பிடாதீர்கள், பார்க்க நன்றாக இருக்காது.

செவ்வாய்க்கிழமை இங்கே வாருங்கள். தொப்பையை இளைக்க வைக்க வேண்டாம். தலையணை போட்டால் சோணை தள்ளிவிடுகிறாள், சாய அதைத்தான் தேடுகிறாள். அந்தப் பழைய மேல்துண்டை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது இன்னும் நாறுகிறது.

ஒச்சம்மாள்